சென்னை–சிங்கப்பூர் தூரம் 2,920-ஆ, 1,815-ஆ, 1,577-ஆ? போக ஏழு மணி, வர ஒன்றரை மணியா?

தஞ்சைத்தலையாட்டி | ஜூலை 4, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அக்கா சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். அம்மாவை இந்த மாதக் கடைசியில் அனுப்பவேண்டும். அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் தலைசுற்றல் வந்துவிடும். அதனால் மொத்தம் எவ்வளவு நேரம் உட்காரவேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம் என இணையத்தில் தேடினேன். தேடாமலே இருந்திருக்கலாம்.

ஒரு தளம் தூரம் 2,920 என்கிறது. இன்னொன்று 1,815. மூன்றாவது 1,577. பறக்கும் நேரம் ஓரிடத்தில் மூன்றே முக்கால் மணி, இன்னோரிடத்தில் நாலு மணி சொச்சம். டிக்கெட் பார்த்தால் இரவு 11.15க்குக் கிளம்பிக் காலை 6.05க்குச் சேருகிறது, கிட்டத்தட்ட ஏழு மணி நேரம்! திரும்பி வரும் விமானம் இரவு 8.00க்குக் கிளம்பி 9.35க்குச் சென்னையில் நிற்கிறது. டிராவல்ஸ்காரரைக் கேட்டால் “அது அப்படித்தான் தம்பி” என்கிறார். எப்படித்தான்?

கணக்கன் | ஜூலை 4, இரவு 10.05

மூன்று தளமும் ஒரே தூரத்தைத்தான் சொல்லியிருக்கின்றன. 2,920 கிலோமீட்டர், 1,815 மைல், 1,577 கடல் மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள். கப்பலும் விமானமும் கடல் மைலில்தான் கணக்குப் பார்க்கும். அலகைப் போடாமல் வெறும் எண்ணைப் போட்ட தளத்தைத்தான் திட்டவேண்டும்.

நேரக் குழப்பம் இன்னும் எளிது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர் நேரம், சேரும் நேரம் சேருகிற ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். போகும்போது 6 மணி 50 நிமிடத்தில் இரண்டரையைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். வரும்போது 1 மணி 35 நிமிடத்தோடு இரண்டரையைக் கூட்டினால் 4 மணி 5 நிமிடம். அம்மா உட்காரப்போவது சுமார் நாலேகால் மணி, தஞ்சாவூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சைத்தலையாட்டி | ஜூலை 4, இரவு 10.20

அப்பாடா. நன்றி அண்ணா. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஒரே கடல், ஒரே தூரம். போக 4.20, வர 4.05. அந்தக் கால் மணி எங்கே போகிறது?

வைகைக்கரை | ஜூலை 4, இரவு 10.41

இதில் என்ன சந்தேகம்? பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. கிழக்கே போகும்போது ஊர் நம்மை விட்டு ஓடுகிறது, துரத்திப் பிடிக்கவேண்டும். மேற்கே வரும்போது ஊர் நம்மை நோக்கி வருகிறது. பள்ளிக்கூடப் பாடம்.

பூன்லே_செல்வி | ஜூலை 4, இரவு 10.58

எந்தப் பள்ளிக்கூடம் சார்? பூமத்திய ரேகைப் பக்கம் பூமி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. நீங்கள் சொல்கிற மாதிரி இருந்தால் கிழக்கே கிளம்பிய விமானம் சிங்கப்பூரைப் பிடிக்கவே முடியாது. காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. பல்லவன் எக்ஸ்பிரஸ் பெட்டிக்குள் பறக்கிற ஈ, ரயில் ஓடுகிறது என்பதற்காகக் கடைசிப் பெட்டிச் சுவரில் போய் மோதுவதில்லை.

வைகைக்கரை | ஜூலை 4, இரவு 11.10

ஈயை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கால் மணிக்குக் காரணம்?

வான்வழி_ஓய்வு | ஜூலை 5, காலை 6.15

காலை வணக்கம். விமானம் கிளம்புவதற்கு முன் ஃபிளைட் பிளான் போட்டு, எவ்வளவு எரிபொருள் ஏற்றவேண்டும் என்று கணக்குக் கொடுக்கும் டிஸ்பாட்ச் வேலையில் 26 வருஷம் இருந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 2,920. அது இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற தூரம். அந்தக் கோடு மீனம்பாக்கத்திலிருந்து தென்கிழக்காக வங்காள விரிகுடாவில் இறங்கி, நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை பக்கமாகப் போய், சுமத்ராவின் வடமுனையைத் தொட்டும் தொடாமலும் மலாக்கா நீரிணைக்குள் நுழையும். ஆனால் எந்த விமானமும் அந்த நூல் மேல் போகாது. கடல் மேலும் பாதைகள் உண்டு, அவற்றில் பெயர் வைத்த புள்ளிகள் உண்டு, அந்தப் புள்ளி வழியாகத்தான் போகவேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதை எதிர்த்துத்தான் எழும்பவும் இறங்கவும் வேண்டும். ஆகவே கிளம்பின உடனே தப்பான திசையில் கொஞ்ச தூரம், இறங்கும்முன் ஒரு சுற்று என்று சேரும். உண்மையில் பறக்கும் தூரம் 3,000 கிலோமீட்டரை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நேரம். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே இல்லை. அதை நாங்கள் பிளாக் டைம் என்போம். நிற்குமிடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, அந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும்வரை. சென்னையில் ஓடுதளம்வரை ஊர்ந்து போகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சாங்கி பெரிய நிலையம், இறங்கிய பிறகும் ஊர்வலம் உண்டு. போதாததற்குத் தாமதம் என்று பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தே போடும். நீங்கள் பார்த்த தளங்கள் என்ன செய்கின்றன தெரியுமா? தூரத்தை மணிக்கு 800 மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, மேலே ஒரு அரைமணியைப் போடுகின்றன, அல்லது அதையும் போடாமல் விடுகின்றன. அதனால்தான் தளத்துக்குத் தளம் மாறுகிறது. அதைப் பார்த்து விமானத்துக்கு ஆள் அழைக்கப் போகாதீர்கள்.

மிச்சம் இருப்பது காற்று. வீட்டில் காபி ஆறுகிறது. பிறகு வருகிறேன்.

பூன்லே_செல்வி | ஜூலை 5, காலை 8.30

ஐயா வருவதற்குள் ஒரு புதிர். போன வருஷம் ஆடி மாதம் சென்னையிலிருந்து சிங்கப்பூர் திரும்பினேன். முன்னால் உள்ள திரையில் எதிர்க்காற்று என்று காட்டியது. எனக்குப் புரியவே இல்லை. ஆடிக்காற்று மேற்கிலிருந்துதானே வீசுகிறது? அம்மியைப் பறக்கவைக்கிற காற்று, கிழக்கே போகிற விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளவேண்டாமா? அதுவும் கிழக்கே போனால் வேகம், மேற்கே போனால் தாமதம் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள்.

வான்வழி_ஓய்வு | ஜூலை 5, காலை 9.20

அம்மா, நல்ல கேள்வியாகக் கேட்டுவிட்டீர்கள். தம்பியின் கால் மணி நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

“கிழக்கே வேகம், மேற்கே மெதுவு” என்பது ஐரோப்பா, அமெரிக்கா, வட இந்தியா பக்கத்துக் கணக்கு. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. சென்னை–லண்டன் தடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், சுமார் 8,230 கிலோமீட்டர், லண்டனுக்குப் போகிற நேரத்தைவிட லண்டனிலிருந்து வருகிற நேரம் குறைவு. அந்த வாய்ப்பாட்டைத் தூக்கி வந்து நம் ஊரில் மாட்டினால் பொருந்தாது.

நம் தலைக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர்வரை நடப்பது வேறு. கீழே, அம்மி பறக்கிற உயரத்தில், காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். அப்படியே மேலே ஏறிப்போனால் வேகம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் திசையே திரும்பிவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். வெப்பமண்டலக் கிழக்கத்திய ஜெட் காற்று என்று பெயர். கோடையில் திபெத் பீடபூமியும் அதைச் சுற்றிய ஆசியாவும் சூடேறிக் கிடக்க, தெற்கே கடல் பக்கத்துக் காற்று அவ்வளவு சூடாக இல்லாததால் வருகிற விளைவு. தென்கிழக்காசியாவில் தொடங்கித் தென்னிந்தியாவின் மேலாக ஆப்பிரிக்காவரை ஓடும். உச்ச வேகம் 14–16 கிலோமீட்டர் உயரத்தில். நம் விமானம் 11, 12 கிலோமீட்டரில் போவதால் அதன் அடிவயிற்றைத்தான் தொடுகிறது. அதுவே போதும். இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் நம் இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம், 1958இல். பின்னால் அந்தத் துறைக்கே தலைவராக இருந்தவர்.

ஆக, ஆடியில் சிங்கப்பூர் போகிறவருக்கு எதிர்க்காற்று, சென்னை வருகிறவருக்குப் பின்காற்று. உலகம் முழுக்கச் சொல்லும் விதிக்கு நேர் எதிர். மார்கழியில் இந்தத் தடத்தில் காற்று பெரிய ஆட்டம் போடாது, இருபக்கமும் ஏறத்தாழச் சமமாகவே வரும். மேற்கத்திய ஜெட் காற்று அப்போது டெல்லிப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கன் | ஜூலை 5, காலை 10.02

இதை எண்ணில் போட்டுப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. விமானத்தின் வேகம் காற்றுக்குள் மணிக்கு 830 கிலோமீட்டர் என்றும், ஏறி இறங்கும் பகுதி போக மேலே நிலையாகப் பறப்பது 2,600 என்றும் வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 40 என்றால் தரைக்கு மேல் வேகம் 790, நேரம் 3 மணி 17 நிமிடம். அதே 40 பின்காற்று என்றால் 870, நேரம் 2 மணி 59 நிமிடம். வித்தியாசம் 18 நிமிடம். டிக்கெட்டில் 15. காற்று கொஞ்சம் கூடினால் அரைமணிவரை போகும்.

தம்பி, உங்கள் கால் மணி கிடைத்துவிட்டது.

வைகைக்கரை | ஜூலை 5, காலை 10.30

ஆக நான் சொன்ன முடிவு சரி, காரணம்தான் தப்பு. பரீட்சையில் இதற்குப் பாதி மதிப்பெண் உண்டு.

பூன்லே_செல்வி | ஜூலை 5, காலை 10.34

ஆடி மாதப் பரீட்சையில் மட்டும்.

பழைய_பினாங்கு | ஜூலை 5, பிற்பகல் 2.10

நாலேகால் மணிக்கும் நாலு மணிக்கும் இத்தனை வாதமா என்று சிரிப்பு வந்தது. என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினால் பினாங்கு, கிள்ளான் துறைமுகம் என்று நின்று நின்று சிங்கப்பூர் சேர ஒரு வாரம். தகர டிரங்குப் பெட்டி, மேல் தளத்தில் பாய். 1970களில் ரஜுலாவின் இடத்துக்குச் சிதம்பரம் கப்பல் வந்தது. அதுவும் 1985இல் தீ விபத்தோடு முடிந்தது. கடல் மைல் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு சின்னத் தகவல்கள். ஒன்று, இரண்டரை மணி வித்தியாசம் எப்போதும் இருந்ததல்ல. 1981 முடியும்வரை சிங்கப்பூர் நமக்கு இரண்டே மணி முன்னால். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியது, சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் கூடவே தள்ளிக்கொண்டது. அந்தக் கால டிக்கெட்டை எடுத்து இன்றைய கணக்குப் போட்டால் அரைமணி உதைக்கும். இன்னொன்று, தூரமே மாறியிருக்கிறது. 1981க்கு முன் விமானம் இறங்கியது பாய லேபாரில். சாங்கி அதற்குக் கிழக்கே, கடலோரத்தில். எட்டு ஒன்பது கிலோமீட்டர் கூடிவிட்டது.

கணக்கன் | ஜூலை 5, பிற்பகல் 2.40

ஐயா, அருமை. இந்தப் பக்கமும் மாறத்தான் போகிறது. பரந்தூரில் புது விமான நிலையம் வந்தால் மீனம்பாக்கத்துக்கு மேற்கே நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. பறக்கிற நேரத்தில் மூன்று நான்கு நிமிடம். வேளச்சேரிக்காரர் அங்கே போய்ச் சேருகிற நேரத்தை யார் கணக்குப் போடுவது என்பது வேறு இழை.

பூன்லே_செல்வி | ஜூலை 5, மாலை 6.50

எல்லாம் சரி, நான் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். தம்பி, உங்கள் வீடு தஞ்சாவூர் என்று பெயரிலேயே தெரிகிறது. அம்மாவை எதற்குச் சென்னைக்கு அழைத்துப் போகிறீர்கள்? திருச்சியிலிருந்து நேராக விமானம் இருக்கிறதே.

தஞ்சைத்தலையாட்டி | ஜூலை 5, இரவு 7.15

டிராவல்ஸ்காரர் சென்னைதான் கிட்டே என்றார் அக்கா. சென்னை கடலோரம், திருச்சி உள்ளே இருக்கிறது, தூரம் கூடும் என்று நானும் நினைத்தேன். அப்புறம் திருச்சி டிக்கெட் ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடுதலாகவும் காட்டியது.

கணக்கன் | ஜூலை 5, இரவு 7.40

திருச்சி–சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. சென்னையைவிட அறுபது கூடுதல், அவ்வளவுதான். திருச்சி மேற்கே தள்ளி இருந்தாலும் தெற்கேயும் தள்ளி இருக்கிறது, சிங்கப்பூரோ ஏறக்குறையப் பூமத்திய ரேகையில். இரண்டும் பெரும்பாலும் சரிக்குச் சரியாகிவிடுகிறது. பறப்பதில் நாலைந்து நிமிடம்.

தரையில் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றேகால் மணி. சென்னை சுமார் 340 கிலோமீட்டர், காரில் ஆறு மணிக்குக் குறையாது, சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி முன்னால் இருக்கவேண்டும் என்பதால் மத்தியானமே கிளம்பவேண்டும். ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க ஐந்து மணி நேரத்தைச் செலவழிக்கிறீர்கள். சென்னைவரை காருக்கு டீசல் போடுகிற காசு அந்த ஆயிரத்து இருநூறைத் தாண்டிவிடும். விமான நிலையங்களுக்கு இடையே தூரம் பார்த்தால் போதாது, வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் பாருங்கள்.

வான்வழி_ஓய்வு | ஜூலை 6, காலை 6.05

கணக்கன் சொன்னதை வழிமொழிகிறேன். திருச்சியின் ஓடுதளம் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதனால் நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானம்தான் வரும். அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கையாகப் போட்டுவிடுங்கள், எழுந்து நடக்கச் சௌகரியம்.

விடியற்காலையில் இறங்கும் விமானம் என்றால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்தப் பருவத்தில் சுமத்ராப் பக்கமிருந்து ஒரு வரிசை இடிமழை கிளம்பி, நீரிணையைத் தாண்டி, விடியும் நேரத்தில் சிங்கப்பூர்மேல் அடித்துவிட்டுப் போகும். அங்கே அதற்கே சுமத்ரா என்றுதான் பெயர். ஒரு மணி, இரண்டு மணியில் ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் விமானம் மேலேயே வட்டமடித்துக் காத்திருக்கலாம், அதற்கு வேண்டிய எரிபொருளைப் போட்டுத்தான் அனுப்புவோம். அரைமணி தாமதமானால் வீட்டில் யாரும் பதறவேண்டாம். அம்மா கைப்பையில் மட்டும் சாப்பிட ஏதாவது இருக்கட்டும்.

பூன்லே_செல்வி | ஜூலை 6, காலை 8.20

இட்லி பொடி தடவிக் கொடுங்கள், நாலு மணி நேரத்தில் கெடாது. எதையும் மிச்சம் வைத்து இறங்கவேண்டாம். வருகை அட்டையை இணையத்தில் பயணத்துக்கு மூன்று நாள் முன்னாலிருந்து நிரப்பலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் வந்தால் அது போலி. சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு நடக்கமுடியும் என்றாலும் சொல்லுங்கள், ஆள் ஒருவர் கூடவே வந்து குடிநுழைவு தாண்டி விட்டுவிடுவார். மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்று மட்டும் இங்கே கேட்காமல் அவருடைய டாக்டரைக் கேளுங்கள்.

தஞ்சைத்தலையாட்டி | ஜூலை 6, இரவு 9.00

திருச்சியிலேயே போட்டுவிட்டேன். இரவு 12.30 கிளம்பிக் காலை 7.25. கழித்துப் பார்த்தேன், 4 மணி 25 நிமிடம். டாக்டர் இரண்டு வேளையை எப்படி மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டிராவல்ஸ்காரரிடம் கோடீஸ்வரம் பற்றிச் சொன்னேன், எந்த வங்கி என்று கேட்டார்.

தஞ்சைத்தலையாட்டி | ஜூலை 29, காலை 10.45

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப்பை வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தேன், உங்களுக்காகவே குறித்து வைத்தேன்.

12.32க்கு நகர்ந்தது. 12.47க்கு எழும்பியது. வேதாரண்யம் பக்கம் கடலைத் தொட்டதும் போன் சார்ஜ் போய்விட்டது, மறுபடி பார்த்தபோது நிக்கோபாரைத் தாண்டியிருந்தது. 7.17க்கு அங்கே தரையிறங்கியது, 7.25க்கு நின்றது. அதாவது வானத்தில் சரியாக நாலு மணி நேரம், கட்டையிலிருந்து கட்டைக்கு 4 மணி 23 நிமிடம். ஆப் காட்டிய தரை வேகம் நடுவழியில் 780, 790 என்றே ஓடிக்கொண்டிருந்தது. கணக்கன் அண்ணாவுக்கு இரட்டை வணக்கம். மழை இல்லை, வட்டமும் அடிக்கவில்லை.

அம்மாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “ஏறின உடனே விளக்கை அணைச்சிட்டான், இட்லி சாப்பிட்டேன், தூங்கிட்டேன். திருப்பதி பஸ்ஸுக்கு இது தேவலை” என்றார். கடிகாரத்தை மட்டும் மாற்றமாட்டேன் என்கிறாராம். மாத்திரை எல்லாம் தஞ்சாவூர் நேரத்துக்குத்தான் என்று அக்காவிடம் ஒரே சண்டை.

பூன்லே_செல்வி | ஜூலை 29, பிற்பகல் 1.05

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்புங்கள் தம்பி. திரும்புவது எப்போது?

தஞ்சைத்தலையாட்டி | ஜூலை 29, பிற்பகல் 1.20

தை பிறந்ததும். அப்போது காற்று இல்லை என்று ஐயா சொல்லியிருக்கிறார், அந்தக் கால் மணியை எதிர்பார்க்கமாட்டேன்.